சிவப்பு நெளிகோட்டை அணைத்துவிட்டவர்களுக்கு

இணைய இதழ்களிலும் செய்தித் தளங்களிலும் புரூஃப் பார்க்கிற, உதவி ஆசிரியர்களாக இருக்கிற நண்பர்களுக்கு,



புதிதாக வேலைக்குச் சேருகிற பையனுக்கோ பெண்ணுக்கோ நாம் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: பிரவுசரில் எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடுகிற வசதியை அணைத்துவிடு. ஏன் என்று கேட்டால், "தமிழுக்கு அது சரிப்படாது, நல்ல சொல்லுக்கெல்லாம் கோடு போடும்" என்போம். இந்தப் பாடத்தைக் கைவிடச் சொல்லித்தான் எழுதுகிறேன். அந்தக் கோட்டுக்குத் தானாக எதுவும் தெரியாது. அதன் பின்னால் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாததற்கெல்லாம் கோடு விழும், அவ்வளவுதான். பட்டியல் போதவில்லை என்பதால் கோட்டை அணைத்தோம். பட்டியலைப் பராமரிப்பது யார் வேலை என்று யாரும் கேட்கவில்லை. அது நம் வேலை என்பது என் கட்சி.

உங்கள் திரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது எந்த அகராதி என்று என்றாவது பார்த்திருக்கிறீர்களா? பயர்பாக்ஸில் ஆங்கில அகராதி மட்டும் இருக்கும்போது தமிழில் எழுதினால், தமிழ்ச் சொற்களை அது ஆங்கிலப் பட்டியலில் தேடும். கிடைக்காது. பத்தி முழுக்கச் சிவந்துவிடும். 'தமிழுக்கு ஆகாது' என்று நம் ஆட்கள் தீர்ப்பெழுதியது பெரும்பாலும் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். தமிழ் அகராதி அந்த இடத்துக்கு வரவே இல்லை. குரோமின் போக்கு வேறு. ஆங்கிலத்தை மட்டும் தேர்ந்திருந்தால் தமிழ் எழுத்துகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கோடே இராது. "ஒரு பிழைகூடக் காட்டலையே" என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் நம்மிடையே உண்டு.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. பயர்பாக்ஸில் எழுதும் பெட்டிக்குள் ரைட் கிளிக் செய்தால் மொழிகள் என்ற பகுதி வரும். அங்கிருந்தே அகராதி சேர்க்கும் பக்கத்துக்குப் போகலாம். மொசில்லாவின் துணைநிரல் தளத்தில் தமிழும் இருக்கிறது. 2022-ல் வந்த 100-ஆம் பதிப்பிலிருந்து ஒரே நேரத்தில் பல மொழிகளுக்கு டிக் போடலாம். ஆங்கிலப் பெயர்களும் தமிழும் கலந்து எழுதுகிற நமக்கு இது பெரிய சலுகை. அதற்கு முன் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. குரோமில் செட்டிங்ஸின் மொழிகள் பக்கத்தில் தமிழைச் சேர்த்து, பிழைதிருத்தத்தின் கீழ் அதற்கான பொத்தானைத் தள்ளிவிட்டால் அகராதி தானே இறங்கிக்கொள்ளும். மேக் கணினியில் குரோம் தன் சொந்த அகராதியை வைத்துக்கொள்ளாமல் மேக்கின் பிழைதிருத்தியிடம் கேட்கிறது. விண்டோஸில் எட்ஜ் பிரவுசர் விண்டோஸிடம் கேட்கிறது. ஆகவே ஒரே கட்டுரை பக்கத்து மேசையில் வேறு மாதிரிச் சிவந்தால் திகைக்க வேண்டாம். செல்போனில் எழுதுகிறவர்களுக்குப் பிரவுசர் பொறுப்பில்லை, கீபோர்டுதான் பொறுப்பு. அது வேறு கதை.

இவ்வளவு செய்தும் கோடு வரவில்லையென்றால் கோளாறு நீங்கள் எழுதுகிற பெட்டியில் இருக்கலாம். பல தளங்களின் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கும் டைனிஎம்சிஇ, பழைய சிகேஎடிட்டர் போன்ற எழுதுபெட்டிகள் பிரவுசரின் பிழைதிருத்தத்தை இயல்பாகவே அணைத்து வைத்திருப்பவை. கூகுள் டாக்ஸ் பிரவுசரைக் கேட்பதே இல்லை, தனக்கென ஒரு திருத்தி வைத்திருக்கிறது. இன்னொன்று: பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று உள்ளே குறித்துவைத்திருந்தால் பயர்பாக்ஸ் அதை நம்பி ஆங்கில அகராதியை எடுத்துக்கொள்ளும். உங்கள் அலுவலகத் தொழில்நுட்ப நண்பரிடம், எழுதும் பெட்டியின் மொழி தமிழ் என்று ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு இது ஒரு வரி வேலை.

இனி, தமிழ் அகராதியைச் சேர்த்த பிறகும் மிஞ்சுகிற சிவப்பைப் பற்றி. இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

பயர்பாக்ஸுக்குள்ளும் குரோமுக்குள்ளும் இருக்கிற பிழைதிருத்தும் இயந்திரத்தின் பெயர் ஹன்ஸ்பெல். லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரியர் தம் மொழிக்காக உருவாக்கியது. 2006-ல் வந்த பயர்பாக்ஸ் 2-லேயே எழுதும்போது கோடு போடும் வசதி வந்துவிட்டது. 2008-ல் மூன்றாம் பதிப்பில் ஹன்ஸ்பெல் குடியேறியது. ஹங்கேரிய மொழியும் நம்மைப் போல ஒட்டி ஒட்டிப் பேசுகிற மொழி. 'என் வீடுகளில்' என்பதை அவர்கள் ஒரே சொல்லாகச் சொல்வார்கள்: வீட்டுக்குப் பின்னால் பன்மை, அதற்குப் பின்னால் 'என்', அதற்கும் பின்னால் 'இல்'. ஆங்கிலத்துக்கென்று செய்த கருவிகள் இதைத் தாங்கவில்லை என்பதால்தான் ஹன்ஸ்பெல் பிறந்தது. ஆக, நமக்கு வாய்த்த இயந்திரம் நம் சாதி மொழி ஒன்றின் பிள்ளைதான். குறை இருப்பது நாம் அதற்குப் போட்ட தீனியில்.

இயந்திரம் இரண்டே கோப்புகளைப் படிக்கிறது. ஒன்றில் வேர்ச்சொற்கள், வரிக்கு ஒன்றாக. ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் ஒரு சாய்கோடு, பின்னால் சில அடையாள எழுத்துகள். மற்றக் கோப்பில் அந்த அடையாளங்களுக்கான விதிகள். 'ம் என்று முடிந்தால் அதை நீக்கித் த்தில் சேர்' என்று ஒரு விதி எழுதிவிட்டால் மரம், குளம், பள்ளம், பட்டணம் எல்லாம் மரத்தில், குளத்தில், பள்ளத்தில், பட்டணத்தில் ஆகிவிடும். வீடு வீட்டில் ஆவதற்கும் ஆறு ஆற்றில் ஆவதற்கும் தனித்தனி விதிகள். படித்தால் நன்னூல் புணரியல் கணக்குப்பிள்ளை வேஷம் போட்டு வந்தது போல இருக்கும். நோட்பேடில் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகள்தான் இரண்டும். இலக்கணம் தெரிந்து, கணினி தெரியாத ஒரு தமிழாசிரியரை அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்தால் அவரே விதி சொல்லத் தொடங்கிவிடுவார்.

தமிழ் இந்த இயந்திரத்தைத் திணறடிக்கும் இடங்கள் உண்டு, மறைக்கவில்லை. ஒட்டின்மேல் ஒட்டாக இரண்டு அடுக்கு வரை ஹன்ஸ்பெல் பிரித்துப் பார்க்கும். 'வீடுகளிலிருந்தும்' என்பதிலேயே நமக்குக் கள், இல், இருந்து, உம் என்று நான்கு வந்துவிட்டன. அடுக்குகளை முன்கூட்டியே சேர்த்து ஒரே ஒட்டாக எழுதிவைத்துத்தான் சமாளிக்க வேண்டும்; விதிகள் பெருகும். வினைச்சொல்லுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று சேர்த்து எழுதுகிறவரும் உண்டு, இரண்டாகப் பிரிக்கிறவரும் உண்டு, மூன்றாகப் பிரிக்கிறவரும் உண்டு. பிரித்து எழுதினால் கோடு குறையும் என்பதற்காகப் பிரித்து எழுதும் ஒரு கூட்டம் உருவாகியிருப்பதையும் கவனிக்கிறேன். அது எனக்கு உவப்பில்லை.

அப்புறம் நம் ஒற்று. 'வீட்டை' என்ற ஒரு சொல், அடுத்து வருவதைப் பொறுத்து வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் என்று நான்கு வேடம் போடும். 'வீட்டுக்கு'ம் அப்படியே. ஐந்து வடிவங்களையும் அகராதி ஏற்க வேண்டும். ஆனால் இந்த இயந்திரம் சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கிறது; அடுத்த சொல் என்ன என்பது அதற்குத் தெரியாது. 'வீட்டைக் பார்த்தான்' என்று எழுதினாலும் கோடு போடாது. வல்லினம் மிகும் இடம், மிகா இடமெல்லாம் அதன் கைக்கு எட்டாதவை. அதற்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய நாவி போன்ற சந்திப்பிழை திருத்திகளிடம்தான் போக வேண்டும். அவரே செய்த வாணி சொற்பிழையையும் பார்க்கும். பிரவுசர்க் கோட்டுக்கு இவை மாற்று இல்லை, அடுத்த கட்டச் சல்லடை. பரவையும் பறவையும், அரமும் அறமும் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எந்தப் பட்டியலும் அவற்றைப் பிடிக்காது. அங்கே நம் கண்தான். நம் சம்பளத்துக்கு அது போதுமான நியாயம்.

சரி, இவ்வளவு ஓட்டை உள்ள கருவி எதற்கு என்று கேட்பீர்கள். நம் கண்ணால் முடியாத ஒன்றை அது செய்கிறது. 'கௌரவம்' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 'கெ' எழுதி, 'ள' எழுதி, 'ரவம்' எழுதுங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஔவையாருக்கும் இதே கதி: ஒன்றில் 'ஔ' என்ற ஒற்றை எழுத்து, மற்றதில் ஒகரமும் ளகரமும். நம் பழைய பக்கங்களில் இரண்டாவது வடிவம் கொட்டிக் கிடக்கிறது. ஒரு வாசகர் பக்கத்தில் ஔவையார் என்று சரியாகத் தட்டித் தேடினால் அவருக்கு அந்தக் கட்டுரை அகப்படாது. இந்தப் பிழையை உத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்தக் கில்லாடியாலும் முடியாது. பட்டியலோடு ஒப்பிடுகிற இயந்திரம் உடனே கோடு போடும்.

பாமினி எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றி அனுப்பப்படும் கட்டுரைகள், குறிப்பாக இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த மூத்த எழுத்தாளர்களிடமிருந்தும் வருபவை, இப்படிப்பட்ட உடைசல்களோடு வரும். பிடிஎஃபிலிருந்தும் பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்தும் வெட்டி ஒட்டினால் சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஒளிந்துகொண்டு வரும். நூற்றுக்கு நூறு சரியாகத் தெரிகிற ஒரு சொல்லின் கீழ் கோடு விழுந்தால் எரிச்சலோடு கடந்துபோகாதீர்கள். அந்தச் சொல்லை அழித்துவிட்டு உங்கள் கையால் மீண்டும் தட்டுங்கள். கோடு மறைந்தால், அச்சில் தெரியாத ஒரு பிழையைத் திருத்திவிட்டீர்கள்.

மறையவில்லை என்றால் 'அகராதியில் சேர்' என்று கொடுப்பீர்கள். இதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயர்பாக்ஸில் நீங்கள் சேர்க்கும் சொற்கள் உங்கள் கணினியில், உங்கள் சுயவிவரக் கோப்புறைக்குள், பெர்ஸ்டிக்ட் என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாகப் போய் விழுகின்றன. எல்லா மொழிக்கும் அந்த ஒரே கோப்புதான். பயர்பாக்ஸின் ஒத்திசைவு வசதி புக்மார்க்கையும் கடவுச்சொல்லையும் வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோகும், இந்தக் கோப்பைத் தொடாது. கணினி மாற்றினால் போயிற்று. குரோமில் சேர்த்தவற்றைச் செட்டிங்ஸுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் பார்க்கலாம், வேண்டாததை நீக்கலாம்.

பார்ப்பது அவசியம். ரைட் கிளிக் பட்டியலில் மேலே திருத்திய சொல், அதற்குச் சற்றுக் கீழே 'சேர்'. கை ஒரு விரற்கடை தவறினால் 'சில்லறை'க்குப் பதில் அரைகுறையாகத் தட்டிய ஏதோ ஒன்று அகராதிக்குள் நுழைந்துவிடும். அன்றிலிருந்து அந்தப் பிழைக்குக் கோடே விழாது. பயர்பாக்ஸில் உடனே மறுபடி ரைட் கிளிக் செய்தால் சேர்த்ததைத் திரும்பப் பெறலாம். விட்டுவிட்டால், பிரவுசரை மூடிவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து கையால்தான் நீக்க வேண்டும். வருஷக்கணக்காகத் திறக்காத பட்டியலில் என்னென்ன அங்கீகாரம் பெற்ற பிழைகள் படுத்திருக்கின்றன என்று பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கும், வயிற்றையும் கலக்கும்.

பெரிய குறை இன்னொன்று. நீங்கள் சேர்க்கும் சொல் சேர்த்த வடிவத்தில் மட்டுமே ஏற்கப்படும். ஆங்கிலத்தில் ஓர் ஊர்ப்பெயரைச் சேர்த்தால் கிட்டத்தட்ட வேலை முடிந்தது. நாம் 'கோயம்பேடு' சேர்த்தால் 'கோயம்பேட்டில்' சிவக்கும். அதைச் சேர்த்தால் 'கோயம்பேட்டிலிருந்து' சிவக்கும். இப்படியே ஒற்றுகளோடு சேர்த்துக்கொண்டு போனால் ஆயுசு போதாது. லிப்ரெஆபிஸில் இதற்கு ஓர் அழகான வழி உண்டு: புதிய சொல்லைச் சேர்க்கும்போது 'இதை இன்ன சொல்லைப் போல நடத்து' என்று பக்கத்தில் குறிக்கலாம். மூல அகராதியில் வீட்டுக்கு விதி எழுதியிருந்தால், கோயம்பேட்டை வீட்டைப் போல நடத்தச் சொன்னால் தீர்ந்தது. பிரவுசரில் நாம் சேர்க்கும் சொந்தப் பட்டியலில் இந்த வசதி இல்லை. ஆகவேதான் சொல்கிறேன், நம் சொற்கள் சேர வேண்டிய இடம் சொந்தக் கோப்பு இல்லை, விதிகளோடு கூடிய மூல அகராதி.

ஒவ்வொரு வடிவமாகச் சேர்க்கும் வேலைக்குப் பயந்து இன்னொரு குறுக்கு வழியில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். குரோமில் சாதாரணப் பிழைதிருத்தத்தோடு 'மேம்பட்டது' என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் நீங்கள் தட்டுவது கூகுளின் சர்வருக்குப் போய் அங்கே சோதிக்கப்படும். வெளியிடாத பேட்டி, பெயர் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவரின் பெயர், வக்கீல் பார்க்க வேண்டிய பத்தி எல்லாம் அந்தப் பெட்டியில்தானே தட்டுகிறோம்? 2022 செப்டம்பரில் ஓட்டோ-ஜேஎஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், கடவுச்சொல்லைக் காட்டு என்று அழுத்தினால் கடவுச்சொல்கூட இப்படி வெளியே போவதைக் காட்டியது. எட்ஜின் மைக்ரோசாஃப்ட் எடிட்டர் துணைநிரலும் அதில் மாட்டியது. சினிமா விமர்சனத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அறையில் சாதாரணமே போதும். அந்த அகராதி உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒவ்வோர் அலுவலகமும் தன் சொந்த அகராதியைக் கட்டிக்கொள்ளலாம். சொற்கோப்பு, விதிக்கோப்பு இரண்டையும் ஒரு சிறு விவரக்குறிப்போடு பொதிந்தால் பயர்பாக்ஸுக்கான அகராதித் துணைநிரல் தயார். எல்லா மேசைக்கும் அதே அகராதி. இதில் வேறொரு லாபமும் உண்டு. 'இந்தச் சொல் வேண்டாம்' என்று தடைக்குறி போடவும் ஹன்ஸ்பெல் இடம் தருகிறது. கறுப்பா கருப்பா, கோவிலா கோயிலா என்று மாதம் ஒரு முறை நடக்கும் சண்டைக்கு ஆசிரியர் கொடுத்த தீர்ப்பை அகராதியிலேயே பதிந்துவிடலாம். 'முயற்சித்தார்' உங்கள் ஆசிரியருக்கு ஆகாதா? தடை போடுங்கள், சிவக்கட்டும். தீர்ப்புக்கு ஆதாரம் வேண்டுமென்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேசையில் இருக்கட்டும். ல, ள, ழ மாறாட்டத்துக்கும் ர, ற மாறாட்டத்துக்கும் விதிக்கோப்பில் ஓர் அட்டவணை எழுதலாம். 'பளம்' என்று தட்டினால் 'பழம்' முதல் பரிந்துரையாக வரும்.

ஆனால் வீட்டுத் தடையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பொது அகராதிக்குப் போகிற பட்டியலில் தாராளம் வேண்டும். யாழ்ப்பாணத்தார் திகதி என்பார், கதிரை என்பார், யூலை என்பார், ரொறன்ரோ என்பார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவற்றுக்குச் சிவப்புக் கோடு போடுகிற அகராதியைத் தமிழ் அகராதி என்று என்னால் அழைக்க முடியாது. கிரந்தம் கலந்தும் நீக்கியும் எழுதுகிற இரு தரப்பாரும் அப்படியே இருந்துகொள்ளட்டும். இரண்டையும் ஏற்பதால் அகராதி ஒன்றும் கெட்டுவிடாது.

உங்களிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லாதது. அமைச்சர் பெயர், புதிய ரயில் நிலையம், நோயின் பெயர், சட்டத்தின் பெயர், படத்தின் பெயர் என்று அன்றாடம் தமிழுக்குள் வரும் சொற்களை முதலில் தட்டுகிறவர்கள் நீங்கள். அவை எல்லாம் தனித்தனிக் கணினிகளில், யாரும் திறக்காத கோப்புகளில் கிடக்கின்றன. மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கோப்பைத் திறந்து, பிழைகளைக் களைந்து, ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அது வேற்றுமை ஏற்கும்போது யாரைப் போல நடக்கும் என்று ஒரு மாதிரிச் சொல் எழுதுங்கள்: மரம் போல, வீடு போல, மலை போல. வினைச்சொல்லுக்கு 'செய்' போலவா 'நட' போலவா என்று. அதைப் பொது அகராதியைப் பராமரிக்கிற தன்னார்வலர்களுக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் நிரல் அறிந்தவர்கள். எந்தச் சொல் எப்படித் திரியும் என்று சொல்லத்தான் ஆள் தேவை.

அனுப்பும் முன் ஒன்று. அந்தக் கோப்பில் நீங்கள் சேர்த்த எல்லாமும் தடம் பதித்திருக்கும். தகவல் தந்தவரின் அபூர்வமான வீட்டுப்பெயர், இன்னும் வெளிவராத செய்தியில் வரும் நிறுவனத்தின் பெயர், யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியின் பாதி என்று எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். வரி வரியாகப் படித்து அவற்றை நீக்கிவிட்டு, மீதியை மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலப் புரூஃப் பார்த்துப் பிழைக்கும் ஒருவன்